மிஸ் கட்டிய சிவப்பு மட்டை

என் தகரப் பெட்டிக்குள் ஒரு சிவப்பு மட்டை இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் கடதாசி அட்டை. மேல் ஓரத்தில் ஒரு ஓட்டை. அதற்குள் மெல்லிய கம்பியைக் கோர்த்து முறுக்கி விட்டிருக்கிறது. கம்பியின் மற்றப் பக்கம் குறட்டால் வெட்டப்பட்டது. வெட்டின நுனி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கவனமில்லாமல் தொட்டால் விரலைக் கீறும். ஆனால் முறுக்கு அப்படியே இருக்கிறது. மட்டையில் மூன்று மொழியிலும் ‘நிறுத்து’ என்று அச்சடித்திருக்கிறது. கீழே கட்டினவர் பேனையால் போட்ட கையெழுத்து மங்கி, நீலமாக ஒரு நிழல் மட்டும் மிச்சம். பெட்டிக்குள் மற்றதெல்லாம் பெறுமதியானவை: பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், செத்துப்போன என் வீட்டுக்காரரின் அடையாள அட்டை, ஒரு சோடித் தோடு. இது மட்டும் ஒன்றுக்கும் உதவாதது. ஆனாலும் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் என் கை முதலில் இதைத்தான் தேடுகிறது.

அப்போது நான் கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துப் பக்கம் இறங்கிப் போகும் ஒரு ஒழுங்கையில், தேயிலை ஸ்டோரில் வேலை செய்தேன். மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து சாக்கில் வரும் தூளைக் கலந்து, சலித்து, நிறுத்து, பைக்கட்டில் அடைத்து, பெட்டியில் அடுக்கிக் கப்பலுக்கு அனுப்புகிற இடம். நான் பிறந்ததும் ஒரு தோட்டத்து லயத்து வரிசை வீட்டில்தான். அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன், அதோடு சரி. தோட்டத்துத் தமிழரை அடித்த கலவரத்துக்குப் பிறகு வீட்டுக்காரர் கொழும்புக்கு மூட்டை தூக்க வந்தார். பின்னால் நானும் பிள்ளைகளும் வந்தோம். கொழுந்து பறித்த கை தூள் அடைக்கப் பழகியது, அவ்வளவுதான். சண்டை வடக்கில் நடந்தது. கொழும்பில் அது செக்பொயின்டாகவும் சுற்றிவளைப்பாகவும், எங்கேயோ வெடித்து யன்னலை அதிரவைக்கிற சத்தமாகவும் வந்தது. வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிசில் பதிய வேண்டும். காலையில் வேலைக்குப் புறப்படும்போது அடையாள அட்டையை ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ளுவோம். சோற்றுப் பார்சலை மறந்தாலும் அதை மறக்க மாட்டோம்.

மிஸ் அந்த ஸ்டோருக்குத் தரம் பார்க்கிற பொறுப்புக்கு வந்தவர். கியூசி மிஸ் என்று மற்றவர்கள் சொல்லுவார்கள். எங்களுக்கு வெறும் மிஸ். யாழ்ப்பாணத்தில் பிறந்து படித்தவர். வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பக்கத்து அறையில் தனியாக வாடகைக்கு இருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. மெலிந்த உடம்பு, பருத்திச் சேலை. பவுடர் பூச மாட்டார், பூ வைக்க மாட்டார், மணக்கிற சவர்க்காரம் கூடப் போட மாட்டார். மூக்கும் நாக்கும்தான் அவருடைய வேலைச் சாமான். காலையில் வந்தவுடன் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொரு கலவையிலும் தேநீர் ஊற்றி, கரண்டியால் சத்தமாக உறிஞ்சித் துப்புவார். முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

எங்களுக்கும் அவர் பூவைத் தடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் மல்லிகையோடு வந்தால் வாசலிலேயே கழற்றி வைக்க வேண்டும். "பூ வைச்சால் வடிவுதான் அக்கா. ஆனால் தேயிலை கிட்ட இருக்கிற மணம் எல்லாத்தையும் இழுத்துப்போடும். பிறகு எங்கயோ ஒரு வெள்ளைக்காரி தன்ர கோப்பைக்குள்ள உங்கட கொண்டையைத்தான் மணப்பா" என்றார். எனக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்தவள் வாய்த்துடுக்கு. "மணக்கட்டுமே மிஸ். அப்பவாச்சும் எங்க பக்கம் யாராவது திரும்பிப் பாப்பாங்க" என்றாள். மிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் பூவை உள்ளே விடவில்லை.

ஒரு நாள் பின்னேரம் எங்கள் தராசில் பிழை கண்டுபிடித்தார். தட்டுக்கு அடியில் தூள் இறுகி, நிறை கொஞ்சம் கூடுதலாகக் காட்டியிருக்கிறது. தட்டைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வோம் என்று நாங்கள் நினைத்தோம். மிஸ் விடவில்லை. படிக்கல்லை வைத்துச் சரி பார்த்துவிட்டு, காலையிலிருந்து அடைத்த பெட்டி எல்லாவற்றையும் திறக்கச் சொன்னார். "காலமை தராசு சரியா இருந்ததெண்டு எனக்குத் தெரியும். அதுக்குப் பிறகு எப்ப பிழைச்சதெண்டு தெரியாது. தெரியாட்டில் எல்லாம் சந்தேகம்தான். திருப்பி நிறுக்கோணும்" என்றார். பக்கத்து மேசைக்காரி என் காதுக்குள் சொல்லுவதுபோல எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "மிஸ்ஸுக்கு ஒரு மாமியாக்காரி இல்ல. அதான் நம்ம தலையில ஏறி ஒக்காந்திருக்காங்க." மிஸ் திரும்பாமலே, "மாமி இருந்திருந்தால் அவவையும் தராசில ஏத்தித்தான் விட்டிருப்பன்" என்றார். அன்றைக்குச் சிரித்துக்கொண்டேதான் அத்தனை பெட்டியையும் பிரித்தோம். கை வலித்தது உண்மை.

எனக்கு அவர்மேல் பற்று வந்தது வேறொரு நாளில். வெள்ளித்தாள் பைக்கட்டின் வாயைச் சூட்டுக் கட்டையால் ஒட்டுவது என் வேலை. ஒரு நாள் ஒட்டினவை பாதி வாய் திறந்து கிடந்தன. மனேஜர் ஐயா பைக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது யாருடைய வேலை?" என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். வாயிலிருந்து சத்தம் வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான். நாலு பேர் பார்த்தால் பேச வராது. மிஸ் நடுவில் வந்து, "ஆர் எண்டு பிறகு கேப்பம் ஐயா. எங்க பிழைச்சது, எப்ப பிழைச்சது எண்டு முதல் பாப்பம்" என்றார். பார்த்ததில் கரண்ட் குறையும்போதெல்லாம் கட்டை சூடு ஆறிவிடுவது தெரிந்தது. கட்டையை மாற்றினார்கள். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் தெருவில் இறங்கினால் எங்களிடம் கேட்டதெல்லாம் நீ யார், எங்கே பிறந்தாய், யாரோடு இருக்கிறாய் என்பதுதான். யார் என்று கேட்காத ஒரு இடம் அந்த ஸ்டோருக்குள் இருந்தது. அதை மிஸ் கொண்டுவந்தார்.

சிவப்பு மட்டையும் அவர் கொண்டுவந்ததுதான். ஒரு பெட்டி அடுக்கில் சந்தேகம் வந்தால் கையெழுத்துப் போட்டு அதன்மேல் மட்டையைக் கட்டிவிடுவார். மட்டை தொங்குகிற அடுக்கு ஸ்டோரை விட்டு அசையக் கூடாது. முதலில் நூலால்தான் கட்டினார். எலி நூலைக் கடித்து மட்டையைக் கீழே விழுத்தியதால் பிறகு மெல்லிய கம்பிக்கு மாறினார். கைப்பைக்குள் எப்போதும் ஒரு சுருள் கம்பி இருக்கும். ஒழுங்கு ஒன்றுதான்: கட்டினவர்தான் அவிழ்க்க வேண்டும். முதலாளி வந்தாலும் அவிழ்க்க முடியாது. மனேஜரே அதை எழுதிச் சுவரில் ஒட்டினார். தேயிலை வாங்குகிற வெளிநாட்டுக்காரரும் அதற்குச் சம்மதித்து, அவிழ்த்தவருடைய கையெழுத்தைப் பெட்டியோடு கேட்டு வாங்குவார்கள் என்று சொன்னார்கள்.

அது மழை பொய்த்த வருஷம். நாள் முழுவதும் கரண்டை வெட்டினார்கள். ஸ்டோரின் பின்பக்கம் ஒரு ஜெனரேட்டர் கொண்டுவந்து வைத்தார்கள். டீசல் பீப்பாய்களை வெளியே வைக்க இடமில்லை. வெளிக் கொட்டிலை ஆமிக்காரர் எடுத்து மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். அதனால் பீப்பாய்கள் உள்ளே, அடுக்கி முடித்த பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றன. வேண்டாம் என்று மிஸ் சொல்லிப் பார்த்தார். "ரெண்டு நாளைக்குத்தானே" என்றார் மனேஜர். ரெண்டு நாள் ரெண்டு மாதமாகியது. பிறகு ஒரு நாள் மிஸ் பெரிய அடுக்கொன்றிலிருந்து பைக்கட்டை எடுத்துத் திறந்து மணந்தார், இன்னொன்றைத் திறந்து மணந்தார், கம்பியை எடுத்து மட்டையைக் கட்டினார். மனேஜர் ஓடி வந்து தானும் மணந்து பார்த்தார். அவர் ஓயாமல் சிகரெட் குடிக்கிற மனிதர். "எனக்கு ஒண்டும் மணக்கேல்லையே" என்றார். எங்களைக் கேட்டிருந்தாலும் பயனில்லை. நாள் முழுதும் தூசிக்குள் நிற்கிற எங்களுக்கு எல்லாம் ஒரே மணம்தான். "லேசா இருக்கு ஐயா. இஞ்சத்தைக் காத்திலயே டீசல் நிக்குது. வீட்டுக்குக் கொண்டுபோய், நல்ல காத்தில ஊத்திப் பாத்திட்டுச் சொல்லுறன்" என்றார் மிஸ். அந்த அடுக்கிலிருந்து எடுத்த தூளைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் எழுத்தும் இலக்கமும் குறித்து, கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெள்ளவத்தை பஸ்ஸுக்குப் போனார்.

அடுத்த நாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மனேஜர் யாரிடமோ விசாரித்து வந்து ஸ்டோர் பாஸிடம் சொன்னார். ஸ்டோர் பாஸ், பெட்டி ஏற்றி இறக்குகிற ஆட்களுக்குத் தலைவர், சிங்களவர். கொழும்பில் எங்களோடு பழகிப் பழகி எங்கள் தமிழையே பேசுவார். அவர்தான் எங்களுக்குச் சொன்னது. வழியில் செக்பொயின்டில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கியிருக்கிறார்கள். மிஸ்ஸின் பையைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். உள்ளே ஒரு சுருள் கம்பி. கறுப்புத் தூள் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் யாருக்கும் விளங்காத எழுத்தும் இலக்கமும். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். "தேயிலைன்னு சொல்லியிருக்காங்க. தேயிலைய யாரு இப்படிக் கட்டி நம்பர் போட்டுக் கொண்டு போறதுன்னு கேட்டிருக்கானுங்க. பொலிசுக்குக் கொண்டு போயிட்டானுங்க" என்றார் ஸ்டோர் பாஸ்.

மட்டை அடுக்கின்மேல் தொங்கிக்கொண்டே இருந்தது. கப்பல் நாள் நெருங்கியது. அந்தத் தேயிலையை ஏற்ற ஒருகொடவத்தையிலிருந்து கொண்டெயினர் லொறி வந்து வாசலில் நின்றது. முதலாளியிடமிருந்து போனுக்கு மேல் போன். மனேஜர் ஒரு குறட்டைக் கொடுத்து மட்டையை எடுக்கச் சொன்னபோது ஸ்டோர் பாஸ் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "மட்ட பே மாத்தயா" என்று சிங்களத்தில் தொடங்கினார். "என்னால ஏலாது ஐயா. மிஸ் கட்டினது, மிஸ்தான் அவுக்கணும். நீங்கதானே அந்தச் சட்டத்த செவத்தில ஒட்டினது" என்றார். மனேஜர் சுவருக்குப் போய் அந்தக் கடதாசியை ஒரு தரம் வாசித்தார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அவர் போனது பொலிசுக்கு. அவரும் தமிழர்தான்; கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர், வம்பு தும்புக்குப் போகாதவர், செக்பொயின்டில் தன் பேரைச் சொல்லவே நாக்குத் தடுமாறுகிறவர். அங்கே போய், இந்த அம்மாவின் கையெழுத்து இல்லாமல் கப்பல் போகாது, நாட்டுக்கு வர வேண்டிய டொலர் வராது, வேறு யாரும் அந்த மட்டையை அவிழ்க்கச் சட்டமில்லை என்று சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தானே கூட்டி வந்து காட்டுவதாகத் தன் பேரில் கையெழுத்து வைத்திருக்கிறார். அடுத்த நாள் மத்தியானம் ஸ்டோரின் வான் வண்டியில் மிஸ்ஸைக் கூட்டி வந்தார்.

நேரே ஸ்டோருக்குத்தான் கூட்டி வந்தார். பிடித்த அன்றைக்குக் கட்டியிருந்த அதே சேலை. முகம் வீங்கியிருக்கவில்லை, காயம் எதுவும் வெளியே தெரியவில்லை. ஆனால் கண் இரண்டும் சிவந்து, மூக்கைச் சுற்றித் தோல் வெந்ததுபோல உரிந்திருந்தது. நாங்கள் மேசையை விட்டு எழுந்து நின்றோம். ஒருவரும் பக்கத்தில் போகத் துணியவில்லை. நான் கொஞ்சம் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனவர் கோப்பையைத் திருப்பி என் கையில் தந்துவிட்டார்.

மனேஜர் பேனையையும் குறட்டையும் எடுத்து மேசையில் வைத்தார். "ஒரு கையெழுத்து மிஸ். போட்டிட்டு வீட்ட போய்ப் படுங்க. வான் கொண்டுபோய் விடும்."

மிஸ் அடுக்குக்குப் பக்கத்தில் போனார். பைக்கட்டைத் திறந்து மணந்தார். முகம் சுருங்கியது. பிறகு தன் உள்ளங்கையை மணந்தார். சேலைத் தலைப்பை மணந்தார். மற்றப் பக்கம் போய், அன்றைக்குக் காலையில் அடைத்த புதுப் பைக்கட்டு ஒன்றைப் பிரித்து மணந்தார். அதை அப்படியே கீழே வைத்துவிட்டுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"எனக்கு எல்லாம் பெற்றோல்தான் மணக்குது ஐயா" என்றார். குரல் கரகரத்தது. "இந்தத் தூள் மணக்குது, அந்தத் தூளும் மணக்குது. அக்கா தந்த தண்ணி மணக்குது. உங்கட சேட்டு மணக்குது. தேயிலையா, நானா எண்டு எனக்குத் தெரியேல்லை."

"தெரியாட்டிப் பரவாயில்ல. கையெழுத்தைப் போடுங்க."

"கட்டின நேரம் எனக்கு மூக்கு இருந்தது. சந்தேகம் எண்டு கட்டினன். இப்ப சந்தேகம் இல்லை எண்டு அவிழ்க்க அந்த மூக்கு வேணும். அது இல்லை."

மனேஜர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். அதுவரை மிஸ் என்று கூப்பிட்டவர் இப்போது பிள்ளை என்றார். "பிள்ளை, நான் அங்க என்ன சொல்லி உங்களக் கூட்டி வந்தனான் எண்டு தெரியுமா? நீங்க அவிழ்க்காட்டி இந்தத் தேயிலை போகாது எண்டு. இப்ப நீங்க அவிழ்க்கேல்ல, தேயிலை மட்டும் போச்சுதெண்டா நான் சொன்னது பொய். நாளைக்கு உங்களையும் கொண்டுபோவாங்கள், என்னையும் கொண்டுபோவாங்கள். எனக்கு ரெண்டு பொம்பிளப் பிள்ளையள் பிள்ளை. ஒரு கம்பி. ஒரு கையெழுத்து. அவ்வளவுதானே?"

மிஸ் நிமிர்ந்து பார்த்தார். அழவில்லை. "வேற ஒரு ஆளிட்ட குடுத்து மணந்து பாக்கச் சொல்லுங்கோ ஐயா. மூக்கு நல்லா இருக்கிற ஆளா. அவர் சரியெண்டால் எனக்கும் சரி. என்னட்டக் கேக்காதேங்கோ. என்னை இப்ப நம்பக் கூடாது."

வேறு ஆளைத் தேட நேரமில்லை. கப்பல் அடுத்த நாள். வெளியே லொறிக்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான். மனேஜர் குறட்டை எடுத்தார். முதல் தரம் வெட்டுப்படவில்லை. இரண்டாம் தரம் கம்பி அறுந்தது. மட்டை அடுக்கில் பட்டுத் தெறித்துத் தரையில் விழுந்தது. பெட்டியோடு போகிற கடதாசியில், மிஸ் கையெழுத்து வைக்கிற இடத்தில் தன் பேரையே போட்டார். எப்போதும் அழகாக இருக்கும் கையெழுத்து. அன்றைக்குக் கோணலாக இருந்தது. வேலையாட்கள் பெட்டியைத் தூக்கினார்கள். ஸ்டோர் பாஸ் தூக்கவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார்: "இவரே போடலாம்னா அன்னைக்கே போட்டிருக்கலாம்தானே. அப்ப எதுக்குப் பொலிசுக்குப் போனது?"

அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவே இல்லை. இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: மனேஜருக்கு முதலிலிருந்தே தெரியும், தானே வெட்டலாம் என்று. ஒரு தமிழ்ப் பெண்ணை விடுங்கள் என்று வெறுமனே போய்க் கேட்டால் அவரையும் பிடித்து உள்ளே போட்டிருப்பார்கள். கையில் ஒரு சாட்டு, சொல்ல ஒரு காரணம், வேண்டும். சுவரில் ஒட்டியிருந்த சட்டத்தைச் சாட்டாக எடுத்துக்கொண்டு போனார் அந்தப் பயந்த மனிதர். மிஸ் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தச் சாட்டு உண்மையாகி இருவரையும் காப்பாற்றியிருக்கும். இதை மிஸ் விளங்கிக்கொண்டாரா, விளங்கித்தான் மறுத்தாரா, எனக்குத் தெரியாது. இரண்டு பேரிலும் எனக்குக் கோபம் இல்லை.

ஸ்டோர் வண்டியில் போக மிஸ் மறுத்துவிட்டார். பஸ்ஸில் நான் கூடப் போனேன். வழியில் இரண்டு இடத்தில் இறக்கிப் பார்த்தார்கள். மனேஜர் தந்த கடிதத்தை மிஸ் நீட்டினார். வெள்ளவத்தையில் இறங்கியதும், வீட்டில் சாப்பிட ஒன்றும் இருக்காதே என்று, காலி வீதியில் ஒரு கடையில் பாண் ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கினேன். கடைக்காரப் பையன் ஒரு பிளாஸ்டிக் சொப்பின் பையை எடுத்து, வாயைத் திறக்கக் காற்றில் ஒரு உதறு உதறினான். அந்தச் சத்தம்தான். மிஸ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே நடைபாதையில் குந்திவிட்டார். மூச்சு எடுக்க முடியாமல் வாயைத் திறந்து திறந்து மூடினார். சனம் கூடிவிட்டது. "பாவம், வலிப்புப் போல. ஒரு இரும்பக் கையில குடுங்க" என்றது ஒரு குரல். நான் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பாணை வெறுங்கையில் வாங்கி, அவர் எழும்பும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

பொலிசில் உள்ளே இருந்து வந்தவர்கள் சொன்னதாகப் பிறகுதான் கேள்விப்பட்டேன். பெற்றோல் ஊற்றின சொப்பின் பையைத் தலையில் கவிழ்த்துக் கழுத்தில் இறுக்கிப் பிடிப்பார்களாம். காயம் வெளியே தெரியாதாம். எந்த மூக்கை அவர் பூவும் பவுடரும் இல்லாமல் காத்து வைத்திருந்தாரோ, அதைத்தான் கெடுத்து அனுப்பியிருந்தார்கள். அவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் எல்லாருக்கும் செய்வதைத்தான் அவருக்கும் செய்தார்கள். ஆனால் மிஸ் அந்தக் கெட்டுப்போன மூக்கோடு நின்றுகொண்டு, பிழையான தராசைப் பார்த்ததுபோலத் தன்னைப் பார்த்தார். நல்ல மூக்கு என்று காட்டிக்கொண்டிருக்கலாம். எங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது.

மிஸ்ஸை ஒரு வாரம் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார் மனேஜர். வாரம் முடிந்தும் அவர் வரவில்லை. ஒரு லீவு நாளில் நான் வெள்ளவத்தைக்குப் போனேன். வீட்டுக்கார அம்மா கதவைச் சங்கிலியோடு திறந்து, என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கள் ஆர்?" என்றார். ஸ்டோரில் வேலை செய்கிறேன் என்றேன். "அவ போயிட்டா. விடியக் காலமை ஓட்டோ ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு போனவ. எங்க எண்டு சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. பிறகு பொலிசு வந்து அறையைக் கிண்டிப்போட்டுப் போச்சுது. தயவுசெய்து இனி இஞ்ச வராதேங்கோ பிள்ளை." கதவைச் சாத்தப் போனவர் நிறுத்தி, தனக்குத்தானே சொல்லுவதுபோலச் சொன்னார்: "கடைசி நாளிலயெல்லாம் அவ தேத்தண்ணி தொடேல்லை. சுடுதண்ணியைத்தான் ஊதி ஊதிக் குடிச்சவ."

மனேஜர் அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகப் பொலிசுக்குப் போய் நின்றார் என்று ஸ்டோர் பாஸ் சொன்னார். என்ன நடந்தது என்று யாருக்கும் அவர் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டு, குடும்பத்தோடு கொட்டாஞ்சேனையை விட்டே போய்விட்டார். அந்தத் தேயிலை திரும்பி வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. முறைப்பாடும் வரவில்லை. யாரோ குடித்திருப்பார்கள். டீசல் மணந்திருக்கலாம், மணக்காமலும் இருந்திருக்கலாம். மிஸ் சரியென்று காட்ட ஒரு பெட்டியாவது திரும்பி வரும் என்று நான் நெடுநாள் லொறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாக வந்த தரம் பார்க்கிறவர் மட்டைகளைத் தானே கட்டினார், புது மனேஜர் சொன்னால் தானே அவிழ்த்தார். வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் பூ வைத்துக்கொண்டே உள்ளே போனோம். பக்கத்து மேசைக்காரி மட்டும் தன் பூவைக் கழற்றி வாசல் ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள்.

ஸ்டோர் இருந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள் எழும்பியிருக்கின்றன. சண்டையும் முடிந்துவிட்டது என்கிறார்கள். நான் மகளோடு, அதே கொட்டாஞ்சேனையில், இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். மிஸ் எங்கேயாவது நன்றாக இருக்கிறாரா, தேநீர் குடிக்கிறாரா, இல்லை அந்த ஓட்டோ அவர் போக வேண்டிய இடத்துக்குப் போகவே இல்லையா, எனக்குத் தெரியாது. மனேஜர் கம்பியை வெட்டியதற்கு அடுத்த நாள் ஸ்டோரைக் கூட்டும்போது குப்பையோடு வந்த மட்டையைத்தான் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். போன மாதம் மருமகன் பெட்டிக்குள் எதையோ தேடும்போது இதைக் கண்டுவிட்டார். "அம்மா, இந்தக் கம்பி கறள் பிடிச்சுக் கடதாசியெல்லாம் பழுதாக்குது. கழட்டி எறிஞ்சிட்டு மட்டைய மட்டும் வைக்கட்டுமா?" என்று முறுக்கில் விரலை வைத்தார். "விடுங்க" என்று கத்திக்கொண்டு பாய்ந்து வாங்கிவிட்டேன். அவருக்கு ஆச்சரியம், நான் குரல் உயர்த்தி அவர் கேட்டதில்லை.

அவர் போன பிறகு மட்டையை மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். கறள் மணந்தது. பழைய கடதாசி மணந்தது. அதற்கும் பின்னால் லேசாக வேறு ஒன்று இருந்தது, அல்லது இருப்பதுபோல எனக்குத் தோன்றியது. டீசலா, தேயிலையா, என் கையில் இருந்த சமையல் மணமா, என்னால் சொல்ல முடியவில்லை. தெரியாவிட்டால் அவிழ்க்கக் கூடாது. முறுக்கு குலையாமல், வெட்டின நுனி கடதாசியைக் கீறாமல் ஒரு துணியில் சுற்றி, பெட்டிக்குள் வைத்து மூடினேன்.